குதித்தால் கணக்கு வரும்!

கணக்கு என்றாலே பல பிள்ளைகளுக்கு வயிற்றைக் கலக்குகிறது. விளையாட்டு என்றால் அதே பிள்ளைகள் சிட்டாய்ப் பறக்கிறார்கள்.

இந்த இரண்டையும் பெரியவர்கள் எதிரிகளாக்கி வைத்திருக்கிறார்கள். "கணக்கை முடி, பிறகு விளையாடு" என்கிறார் அம்மா. பரீட்சை நெருங்கினால், விளையாட்டு நேரத்தையும் கணக்குக்கே கொடுத்து விடுகிறது பள்ளிக்கூடம்.

பிள்ளை என்ன நினைக்கும்? தன் விளையாட்டைப் பறித்துக் கொண்ட திருடன் இந்தக் கணக்குத்தான் என்று நினைக்கும். திருடன் மீது யாருக்கு ஆசை வரும்?

இந்தப் பகை தேவை இல்லை. ஓடிக்கொண்டும் குதித்துக்கொண்டும் கணக்குப் போடலாம். அப்படிப் போட்ட பிள்ளைகள் கணக்கில் முன்னேறியும் இருக்கிறார்கள்.

சோதித்துப் பார்த்தார்கள்

நெதர்லாந்து நாட்டில் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தார் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 12 ஆரம்பப் பள்ளிகளைச் சேர்ந்த 499 பிள்ளைகள் அதில் கலந்து கொண்டார்கள். எல்லோருக்கும் ஏறக்குறைய 8 வயது.

சில வகுப்புகளில் வழக்கம் போலப் பாடம் நடந்தது. மற்ற வகுப்புகளில் வாரத்துக்கு 3 முறை, 20 முதல் 30 நிமிடம் வரை, பிள்ளைகள் எழுந்து நின்று பாடம் படித்தார்கள். நின்ற இடத்திலேயே மெல்ல ஓடுவார்கள். பலகையில் ஒரு கணக்குத் தோன்றும். 2 பெருக்கல் 3 எவ்வளவு? வாயால் சொல்லக் கூடாது. 6 தடவை குதித்துக் காட்ட வேண்டும்!

ஆண்டுக்கு 22 வாரம் வீதம் 2 ஆண்டுகள் இப்படி நடந்தது. முடிவு 2016-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. குதித்துப் படித்த பிள்ளைகள் கணக்கிலும் எழுத்துப் பிழை இல்லாமல் எழுதுவதிலும் மற்றவர்களை முந்தி இருந்தார்கள். 4 மாதம் கூடுதலாகப் படித்ததற்கு அது சமம். வாசிப்பில் மட்டும் வித்தியாசம் இல்லை.

நம் தெருவில் இல்லாததா?

இது நமக்குப் புதிதல்ல. திருச்சி எடமலைப்பட்டி புதூரானாலும் சரி, ஸ்ரீரங்கமானாலும் சரி, ஒரு கரித்துண்டும் கொஞ்சம் இடமும் கிடைத்தால் போதும். பாண்டிக் கட்டம் போட்டு விடலாம். கட்டத்தை எண்ணாமல் பாண்டி ஆட முடியுமா?

கில்லி விழுந்த தூரத்தைக் கோலால் அளந்து எண்ணும் சிறுவன், கூட்டலையும் நீட்டலளவையையும் சேர்த்தே படிக்கிறான்.

கபடியைப் பாருங்கள். ஓர் அணியில் 7 பேர். 3 பேர் அவுட். எதிர் அணியில் ஒருவரை மடக்கினால் நம்மவர் ஒருவர் திரும்ப உள்ளே வருவார். இப்போது களத்தில் எத்தனை பேர்? களத்தில் நிற்கும் பிள்ளை "5" என்று உடனே சொல்லும். அதையே நோட்டில் எழுதிக் கொடுத்தால் விழிக்கும்!

அந்தக் காலத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி, எண்சுவடியை உரக்கச் சொல்லிப் படித்தார்கள். கையும் வாயும் காதும் சேர்ந்து வேலை செய்தன. இன்று கால்களையும் சேர்த்துக் கொள்வோம்.

வீட்டிலேயே செய்யலாம்

இதற்குப் பெரிய மைதானம் வேண்டியதில்லை. டியூஷனுக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுக்கும் இது எட்டும்.

தரையில் சாக்பீஸால் 0 முதல் 20 வரை வரிசையாகக் கட்டம் போடுங்கள். 7-ம் 5-ம் எவ்வளவு? பிள்ளை 7-ல் நின்று 5 கட்டம் முன்னே குதிக்கட்டும். 12-ல் 4 போனால்? 12-ல் நின்று 4 கட்டம் பின்னே வரட்டும். கூட்டினால் முன்னே, கழித்தால் பின்னே என்பது மனதில் பதிந்து விடும்.

ஒரு தாவல் பத்து, ஒரு சின்னக் குதி ஒன்று என்று வைத்துக் கொள்ளுங்கள். 34 என்றால் 3 தாவல், 4 குதி. 43 என்றால் 4 தாவல், 3 குதி. இடம் மாறினால் மதிப்பு மாறும் என்பது விளங்கும்.

கயிறு தாண்டும் பெண் பிள்ளைக்கு மூன்றாம் வாய்ப்பாடு வேண்டுமா? மூன்று தாண்டலுக்கு ஒரு முறை 3, 6, 9 என்று சொல்லிக் கொண்டே தாண்டட்டும்.

விடுமுறை நாளில் மலைக்கோட்டை ஏறினால் படிகளைப் பத்துப் பத்தாக எண்ணச் சொல்லுங்கள். ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் பிராகாரங்கள் 7, கோபுரங்கள் 21. ஏழின் எத்தனை மடங்கு 21 என்று நடந்துகொண்டே கேளுங்கள்.

கவனிக்க வேண்டியவை

முதலில் கணக்கைப் பொறுமையாகப் புரிய வைக்க வேண்டும். குதிப்பது பழக்கத்துக்குத்தான். புரியாத கணக்கை எவ்வளவு குதித்தாலும் பயன் இல்லை.

தவறாகச் சொன்ன பிள்ளையை "அவுட்" என்று உட்கார வைக்காதீர்கள். யாருக்குப் பழக்கம் அதிகம் தேவையோ, அந்தப் பிள்ளையே வேடிக்கை பார்க்கும்படி ஆகிவிடும். குதிக்க முடியாத பிள்ளை கை தட்டிச் சொல்லட்டும்.

திருச்சி வெயில் பொல்லாதது. காலையிலோ மாலையிலோ நிழலில் ஆடட்டும். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும்.

பள்ளிக்கூடத்தின் கடமை

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கூடத்துக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. ஆனால் உடற்கல்விக்குப் பகுதி நேரப் பயிற்றுநர் வேண்டும் என்று அது கூறுவது 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்குத்தான். அதிலும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான். ஆகவே சின்ன வகுப்புகளில் கணக்குச் சொல்லித் தருபவரே விளையாட்டுக்கும் பொறுப்பாகிறார். இது குறைதான். ஆனால் இரண்டையும் இணைக்க அவரை விடச் சரியான ஆள் யார்?

தமிழக அரசு 2022-ல் தொடங்கிய "எண்ணும் எழுத்தும்" திட்டத்திலும் ஆடல், பாடல், செயல் வழியாகவே சின்னப் பிள்ளைகளுக்கு எண்ணைக் கற்றுத் தர வழி செய்யப்பட்டது. வழி இருக்கிறது. நடக்கத்தான் வேண்டும்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. இந்த 20 நிமிடத்தைக் கணக்கு நேரத்திலிருந்து எடுக்க வேண்டும். விளையாட்டு நேரத்திலிருந்து எடுக்கக் கூடாது. 5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமாவது நன்றாக ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் கூறியது. எண்ணாமல், யாரும் கேள்வி கேட்காமல், மனம் போல ஆடும் நேரமும் பிள்ளைக்கு வேண்டும்.

பெற்றோர்களே! இன்று மாலை வாசலில் சாக்பீஸால் கட்டம் போடுங்கள். பிள்ளையைக் கூப்பிடுங்கள். முடிந்தால் நீங்களும் சேர்ந்து குதியுங்கள்.