ஓடும் விளக்கின் சாஸ்திரம்

ஆயுத பூஜைக்கு முந்திய தினங்களில் கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தின் சாலைகளிலோ, திருவள்ளூரை அடுத்த காக்களூர் தொழிற்பேட்டையிலோ மாலைப் பொழுதில் சென்று வருகிறவர்கள், இரும்பு உருக்கும் ஆலையாயினும் சரி, வாகனங்களுக்கு உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறையாயினும் சரி, வாயிலில் வாழை மரமும் மாவிலைத் தோரணமும் கட்டியானதும் மதில் நெடுகச் சீரியல் செட் தொங்கவிடப்படுவதையும், அந்தி சாய்ந்தவுடன் சிவப்பும் பச்சையும் நீலமுமாக அந்தச் சரத்தில் வெளிச்சம் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடத் தொடங்குவதையும் கண்டிருப்பார்கள். மதிலுக்கு உள்ளே பி.எல்.சி. என்னும் கட்டுப்பாட்டுச் சாதனம், எந்த மோட்டார் முதலில் சுழல வேண்டும், எந்த வால்வு அதன் பிறகு திறக்க வேண்டும் என்ற கிரமத்தை இம்மியும் பிசகாமல் நடத்திக்கொண்டிருக்கிறது. மதிலுக்கு வெளியே தொங்கும் சரமோ அதே கிரமத்தின் மிக எளிய வடிவம். உள்ளே இருப்பதை இரவு பகலாகப் பேணுகிறவர்களே, வெளியே தொங்குவதைச் சென்னைப் பாரிமுனைக் கடைத்தெருவில் எது மலிவோ அதுவாக வாங்கி, இரண்டு நாள் எரியவிட்டு, பூஜை முடிந்ததும் குப்பையோடு சேர்த்துவிடுகிறார்கள் என்பதை நினைக்கும்போது மிகுந்த வருத்தம் உண்டாகிறது. அழகைப் பொறுத்தும் அபாயத்தைப் பொறுத்தும் அந்தச் சரம் இதைவிட மேலான கவனத்துக்கு உரியது. அதைச் செலுத்தும் சாமர்த்தியம் இந்த வட்டாரத்தில் நிரம்ப இருக்கிறது என்பதே என் வாதம்.

சரத்தில் எந்த விளக்கும் இடம் பெயர்வதில்லை. ஓடுவது போலத் தோன்றுவது கண்ணுக்கு உண்டாகும் பிரமை. அந்தப் பிரமைக்கு எத்தனை தனித்தனி இணைப்புகள் தேவை என்பதுதான் அமைப்பாளனின் முன்னுள்ள முதல் கேள்வி. ஒற்றைப்படை விளக்குகளை ஓர் இணைப்பிலும் இரட்டைப்படை விளக்குகளை மற்றோர் இணைப்பிலும் வைத்து மாறி மாறி எரியவிட்டால், அணைந்த விளக்குக்கு இடப்புறமும் வலப்புறமும் சம தூரத்தில் ஒவ்வொரு விளக்கு எரிகிறது. ஆகவே எந்தப் பக்கம் போயிற்று என்று கண்ணால் நிச்சயிக்க முடியாமல், வெறும் மினுக்கம் மட்டுமே எஞ்சுகிறது. அதையே மூன்றாகப் பிரித்து, 1, 4, 7 ஓர் இணைப்பு, 2, 5, 8 இன்னோர் இணைப்பு, 3, 6, 9 மூன்றாவது இணைப்பு என்று வைத்தால், அணைந்த விளக்கிலிருந்து முன்புறம் ஓரிடம், பின்புறம் ஈரிடம் என்ற வித்தியாசம் பிறந்துவிடுகிறது; கண் அருகில் உள்ளதையே தொடர்ச்சியாக ஏற்றுக்கொள்ள, திசை உண்டாகிறது. மூன்றுக்குக் குறைந்தால் ஓட்டம் இல்லை. நான்கானால் முன்புறம் ஒன்று, பின்புறம் மூன்று என்று வித்தியாசம் விரிந்து, ஓட்டம் இன்னும் தெளிவடைகிறது. மூன்றில் ஒன்றை எரியவிடுவதற்குப் பதிலாக இரண்டை எரியவிட்டு ஒன்றை அணைத்தால், ஒளிக்குப் பதிலாக இருள் ஓடுவது போலத் தோன்றும். என் கண்ணுக்கு அதுவே இவ்வகை அலங்காரங்களில் மிகவும் சௌம்யமானது. அதை இப்போது கடைகளில் காண்பது அரிது.

இந்தப் பிரமையை முறையாக ஆராய்ந்து எழுதியவர் ஜெர்மானிய மனோதத்துவ நிபுணர் மாக்ஸ் வெர்ட்ஹைமர். 1912-இல் வெளியான அவருடைய ஆராய்ச்சியில், இரண்டு ஒளிகளுக்கு இடைப்பட்ட நேரம் 200 மில்லிசெகண்டு அளவுக்கு நீண்டால் ஒன்றன்பின் ஒன்றாகவும், 30 மில்லிசெகண்டுக்குக் குறுகினால் ஒருசேரவும் தெரிவதாகவும், இடையே சுமார் 60 மில்லிசெகண்டு அளவில் ஒரே ஒளி நகர்ந்தது போன்ற அனுபவம் பரிபூரணமாக உண்டாவதாகவும் கண்டார். ஆனால் கைத்தொழிலாளிகள் ஆராய்ச்சிக்காகக் காத்திருக்கவில்லை. அதற்கு முப்பது ஆண்டுகள் முன்னதாகவே, 1882 டிசம்பரில், எடிசனின் கூட்டாளியான எட்வர்ட் ஜான்சன் நியூயார்க்கில் தம் இல்லத்துக் கிறிஸ்துமஸ் மரத்தில் சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக 80 பல்புகளைக் கட்டி, மரத்தையே மோட்டாரால் சுழல வைத்து, அது சுழலச் சுழல விளக்குகள் அணைந்து அணைந்து எரியும்படி செய்து காட்டினார்.

நம் தேசத்தில் இக்கலை உச்சம் தொட்ட ஊரைச் சொல்வதானால், கும்மிடிப்பூண்டியைக் கடந்து வடக்கே போகும் நெடுஞ்சாலையின் மறுமுனையான கொல்கத்தாவுக்கு அப்பால், ஹூக்ளி நதிக்கரையில் இருக்கும் சந்தன்நகரைத்தான் சொல்ல வேண்டும். புதுச்சேரியைப் போலவே பிரெஞ்சு ஆட்சியில் இருந்து 1950-இல் இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்த அவ்வூரில், ஜகத்தாத்ரி பூஜைக்காக விளக்குகளைக் கொண்டே பறவை சிறகடிப்பதையும் யானை நடப்பதையும் காட்டும் வித்தை தலைமுறை தலைமுறையாக வளர்ந்தது. அதை உலகறியச் செய்தவர்களில் முதன்மையானவர் ஸ்ரீதர் தாஸ். அங்கே ஆதியில் கையாண்ட யுக்தி மிகவும் எளிமையானது: மர உருளை ஒன்றின் மேல் செப்புத் தகடுகளை வேண்டிய வரிசையில் பதித்து, அதை மோட்டார் மெல்லச் சுழற்ற, உருளையைத் தொட்டு நிற்கும் செம்பு விரல்கள் தகடு வரும்போது மின்சாரத்தைக் கடத்தியும் மரம் வரும்போது துண்டித்தும் விளக்குகளை இயக்கும். நம் பக்கத்துத் திருவிழா மின் அலங்காரக்காரர்களும் சவுக்குக் கழிகளால் சாரம் எழுப்பி, முருகனையும் அம்மனையும் வண்ண பல்புகளால் வரைந்து, வேலிலிருந்து கதிர் பாய்வதைக் காட்டியது இதே உருளையின் உதவியினால்தான். ஆடி மாதத்தில் பெரியபாளையத்திலும், ஆடிக் கிருத்திகையன்று திருத்தணியிலும் அப்படிப்பட்ட சாரங்களுக்கு முன் குழந்தைகளைத் தோளில் தூக்கி நின்ற தகப்பன்மார்களுக்கு அதன் அருமை தெரியும்.

பழைய உருளையில் பொறி பறந்து தகடு தீய்ந்தது. பல்பின் குளிர்ந்த டங்ஸ்டன் இழை, எரியும்போது எடுக்கும் மின்னோட்டத்தைப் போலப் பத்து மடங்குக்கு மேல் முதல் கணத்தில் இழுப்பதே அதற்குக் காரணம். 1970-களுக்குப் பிறகு 555 என்ற டைமர் சில்லும் 4017 என்ற எண்ணிக்கைச் சில்லும், அவற்றின் கட்டளைக்குக் கீழ்ப்படியும் ட்ரையாக் என்ற மின் சுவிட்சும் சென்னை ரிச்சி தெருவில் சாமானிய விலைக்குக் கிடைக்கத் தொடங்கியதும், உருளை மெல்ல மறைந்தது. அதற்காக வருந்த வேண்டியதில்லை. வருந்தத் தக்கது, இழை பல்பு போய் எல்.இ.டி. வந்தபோது யாரும் கவனியாமல் நழுவவிட்ட ஒரு குணம். இழை சூடேறிப் பிரகாசிக்கவும், சூடு தணிந்து மங்கவும் சிறிது நேரம் எடுத்துக்கொள்ளும். அதனால் ஒரு விளக்கு மங்கிக்கொண்டிருக்கும்போதே அடுத்தது மலரத் தொடங்கி, இரண்டின் ஒளியும் ஒன்றையொன்று தழுவிச் செல்லும். எல்.இ.டி.யோ கணத்தில் எரிந்து கணத்தில் அணைவது. அதை மெதுவாக ஓடவிட்டால் ஒளி தாவித் தாவி நடக்கிறது. அந்தத் தாவலை மறைக்க, சரம் செய்பவர்கள் வேகத்தைக் கூட்டுகிறார்கள். வேகம் கூடியதும் ஓட்டம் போய்த் துடிப்பு வந்துவிடுகிறது. இன்று வீதிகளில் நம் கண்ணைக் குத்தும் வெறிபிடித்த மினுக்கலுக்கு வேர் இதுதான் என்று நான் நம்புகிறேன். பரிகாரம் கடினமன்று. மின்சாரத்தை வினாடிக்குப் பல நூறு முறை துண்டித்து இணைத்து, இணைந்திருக்கும் காலத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டியும் குறைத்தும் எல்.இ.டி.யை இழை பல்பைப் போலவே மலரவும் மங்கவும் செய்யலாம். சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் மைக்ரோகண்ட்ரோலர் அதைச் செய்துவிடும்.

வேகத்தைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. விளக்குகளுக்கு இடையே 10 சென்டிமீட்டர் இருந்து, ஒரு விளக்கிலிருந்து அடுத்ததற்குச் செல்ல ஒரு வினாடியில் பத்திலொரு பங்கு எடுத்துக்கொண்டால், ஒளி வினாடிக்கு ஒரு மீட்டர் செல்கிறது. அது மனிதன் ஆற அமர நடக்கும் வேகம். ஐந்திலொரு பங்கு எடுத்துக்கொண்டால் அரை மீட்டர். அது ஏறக்குறைய சுவாமி புறப்பாட்டின் வேகம். வீதியுலாவுக்கு அமைக்கும் சரங்களாவது இந்தக் கணக்கில் ஓட வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். கண்ணைப் பறிக்கும் துடிப்பு ருசிக் குறைவு மட்டும் அன்று, சிலருக்குத் தேக உபாதையும் ஆகும். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போக்கிமான் தொலைக்காட்சிச் சித்திரத்தில் சிவப்பும் நீலமும் வினாடிக்குச் சுமார் பன்னிரண்டு முறை மாறி மாறித் துடித்த காட்சியைப் பார்த்து, ஏறத்தாழ 685 பேர், பெரும்பாலும் குழந்தைகள், வலிப்பும் மயக்கமுமாக மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள்.

அபாயத்தின் மற்றொரு முகம் கம்பியிலேயே இருக்கிறது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். பழைய சரத்தில் 40 சிறு பல்புகளைத் தொடராக இணைத்தால் ஒவ்வொன்றுக்கும் ஆறு வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும்; ஒரு பல்பு போனால் எல்லாம் இருண்டுவிடும். இதைத் தவிர்க்க, இழை அறுந்ததும் தானே குறுக்கிணைப்பு ஏற்படும்படி சில பல்புகளின் அடியில் ஒரு மெல்லிய கம்பியை வைத்தார்கள். ஐந்து பல்புகள் அப்படிப் போய்விட்டால், மீதி 35-ம் ஒவ்வொன்றும் ஆறரை வோல்ட்டைச் சுமக்கின்றன. வோல்ட் ஏழிலொரு பங்கு ஏறினாலே இழையின் ஆயுள் ஐந்திலொரு பங்காகக் குறுகிவிடுவதால், மற்றவையும் சடசடவென்று பின்தொடர்கின்றன. இது செலவு. உயிருக்கு ஆபத்தானது, இப்போது எட்டு விதமாக மினுக்கும் பொத்தானோடு விற்கும் மலிவுச் சரத்தில், அந்தச் சின்னப் பெட்டிக்குள் ட்ரான்ஸ்ஃபார்மர் என்று எதுவுமே இல்லாமல், 230 வோல்ட் நேராக மயிரிழை போன்ற கம்பியில் செல்வது. கம்பியின் மேலுறை ஓரிடத்தில் வெடித்திருந்தால், அங்கே தொட்டவர் தெருக் கம்பத்து மின்சாரத்தையே தொட்டவர் ஆகிறார். நவராத்திரி, தீபாவளி, கார்த்திகை, கிறிஸ்துமஸ் என்று நம் விளக்குப் பருவம் முழுவதும் வடகிழக்குப் பருவமழையோடு ஒட்டியே வருகிறது என்பதையும், பழவேற்காட்டுப் பக்கத்து உப்புக் காற்று இந்த வட்டாரத்தில் இணைப்புகளை அரித்துவிடுகிறது என்பதையும் சேர்த்து நினைத்தால், வீட்டுக்குள் உலர்ந்த இடங்களுக்கென்று செய்யப்பட்ட சரத்தை நனைந்த இரும்புக் கதவில் சுற்றுவது எவ்வளவு பெரிய அசிரத்தை என்பது விளங்கும்.

புதிதாக வந்துள்ள பிக்சல் எல்.இ.டி. சரம் 5 வோல்ட்டில் இயங்குவதால் இந்த அபாயத்தைப் பெரும்பாலும் தவிர்க்கிறது. ஒவ்வொரு விளக்குக்குள்ளும் சொந்தச் சில்லு இருப்பதால் எந்த விளக்கையும் எந்த நிறத்திலும் தனியாக எரியவிடலாம். ஆனால் ஒரு பிக்சல் முழு வெண்மையில் 60 மில்லிஆம்பியர் கேட்பதால் ஐம்பதுக்கு 3 ஆம்பியர் தேவைப்படுகிறது. மெல்லிய கம்பியில் அது செல்லும்போது வோல்ட் வழியிலேயே தேய்ந்து, நீலத்துக்கும் பச்சைக்கும் தேவையான மூன்று வோல்ட் நுனியில் எட்டாமல், இரண்டு வோல்ட்டில் திருப்தியடையும் சிவப்பு மட்டும் மிஞ்ச, வெள்ளைச் சரத்தின் நுனி செம்மஞ்சளாகி விடுகிறது. இரு முனைகளிலும் மின்சாரம் ஊட்டினால் தீரும் குறை இது.

எனக்கு உவப்பான அமைப்பு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. 24 வோல்ட் நேர்மின்சாரம். மின்சாரம் ஊட்டுவன பொதுக் கம்பி ஒன்றும் இணைப்புக் கம்பிகள் மூன்றுமாக நான்கே கம்பிகள். ஒரே இணைப்பைச் சேர்ந்த ஆறு வெள்ளை எல்.இ.டி.களும் ஒரு மின்தடையும் கொண்ட சிறு சிறு குழுக்கள். ஒரு குழு போனால் ஆறு விளக்குகள்தாம் அணையும், சரம் பிழைக்கும். 300 விளக்குகளுக்கு 50 குழுக்கள். குழுவுக்கு 20 மில்லிஆம்பியர் வீதம் எல்லாம் ஒருசேர எரிந்தாலும் 24 வாட், மூன்றிலொரு பங்கு எரிந்து ஓடும்போது சுமார் 8 வாட்தான். கோபுரத்தில் கட்டிய பழைய ஜீரோ வாட் பல்பு, பெயருக்கு மாறாக, ஒன்றே ஒன்று அதைவிட அதிகம் தின்றது.

இதில் ஒரு பகுதியாவது நம் தொழிற்பேட்டைகளுக்கு அப்பாற்பட்டதா? கம்பி இழுக்கவும், பிளாஸ்டிக் வார்க்கவும், சர்க்யூட் பலகையில் பற்றவைக்கவும் கைகள் இங்கே இருக்கின்றன, ஐ.டி.ஐ. முடித்து அப்ரண்டிஸாக வரும் பிள்ளைகளுக்குக் கிரமக் கட்டுப்பாட்டைக் கற்பிக்க, எட்டு வாட்டில் ஓடும் இச்சரத்தைவிடச் சுலபமான பாடத்தை நான் அறியேன். ஆகையால் தொழிற்சாலைகளின் கொள்முதல் அதிகாரிகளிடம் என் வேண்டுகோள் இது: இவ்வருஷத்துப் பூஜைக்கான சீட்டில் சீரியல் செட் இத்தனை என்று மட்டும் எழுதாதீர்கள். 24 வோல்ட், மழை புகாத இணைப்புகள், மூன்று இணைப்பு ஓட்டம், ஒரு விளக்கிலிருந்து அடுத்ததற்கு ஐந்திலொரு வினாடி, மலர்ந்து மங்கும் ஒளி என்று எழுதி, அதை முதலில் உங்கள் எலக்ட்ரிகல் பராமரிப்புப் பிரிவுக்கு அனுப்புங்கள். அவர்களால் ஆகாதென்று அவர்கள் எழுதிக் கொடுத்த பிறகு கடைத்தெருவுக்கு ஆள் அனுப்பலாம். அப்போதும் 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. இல்லாத பிளக்கில் அதைச் சொருக அனுமதிக்காதீர்கள்.