பழி மட்டும் ஏன் தாய்க்கு?

கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்து கை கழுவும் இடம். ஏழு வயதாகியும் பேச்சு வராத பையனுக்கு வாய் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார் தாய். தூரத்து உறவுப் பெரியம்மா கேட்டார்: "மாசமா இருக்கும்போது கிரகணத்துல வெளிய போனியாம்மா?" பக்கத்தில் நின்ற கணவர் வாயைத் திறக்கவில்லை. அவரை யாரும் எதுவும் கேட்கவும் இல்லை.

கிரகணம் இல்லையென்றால் பப்பாளி, அதுவும் இல்லையென்றால் முன்ஜென்மப் பாவம், குலதெய்வக் குற்றம். காரணம் மாறிக்கொண்டே இருக்கும். குற்றவாளி மட்டும் மாறுவதேயில்லை. படித்தவர்களும் "வேலைக்குப் போய் டென்ஷன் ஏத்திக்கிட்டா" என்று அவள் தலையில்தான் கொண்டுவந்து வைக்கிறார்கள். இதை அறியாமை என்று மன்னித்துவிட முடியாது. இது கொடுமை.

நார்வேயில் போர்க்னி எகெலாந்து என்றொரு தாய் இருந்தார். இரண்டு குழந்தைகள், இருவருக்கும் அறிவு வளர்ச்சி இல்லை, இருவரிடமும் விநோதமான வாடை. காரணம் தெரியாமல் ஓயமாட்டேன் என்று மருத்துவர் மருத்துவராக அலைந்தார். 1934இல் ஆஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவர் அந்தக் குழந்தைகளின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடை விட்டுப் பார்த்தார். பச்சையாக மாறியது. புரத உணவில் உள்ள ஃபினைல் அலனைனை உடைக்க முடியாத உடல். அது தேங்கித் தேங்கி மூளையைக் கெடுத்திருக்கிறது. ஃபினைல்கீட்டோனூரியா என்று இன்று அதற்குப் பெயர்.

இந்த நோய் வர, பழுதுபட்ட மரபணு தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றும் வந்தாக வேண்டும். சரிபாதி. எகெலாந்து வீட்டில் பப்பாளியும் இல்லை, பாவமும் இல்லை. தாயின் பாதியும் தகப்பனின் பாதியும் இருந்தன. அப்படியொன்று தங்கள் உடம்பில் இருப்பதே அந்த இருவருக்கும் தெரியாது.

ரத்த உறவில் மணம் முடித்தால் இத்தகைய நோய்களுக்கான வாய்ப்பு கூடுகிறது. சொத்து வெளியே போகக்கூடாதென்று அக்காள் மகளைத் தம்பிக்குக் கட்டிவைத்த பெரியவர்களே பிறகு அவளிடம் கிரகணக் கணக்குக் கேட்கிறார்கள்!

பழி சுமந்த தாய் பரிகாரம் தேடி ஓடுகிறாள். குழந்தையின் காலம் கரைகிறது. பிறவியிலேயே தைராய்டு சுரப்பு குறைந்த குழந்தையைக் கண்டுபிடிக்க, பிறந்த சில நாட்களுக்குள் குதிகாலில் எடுக்கும் சில சொட்டு ரத்தம் போதும். முதல் சில வாரங்களுக்குள் தைராக்சின் மாத்திரை தொடங்கினால் மூளை வளர்ச்சியைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். விலை மலிவான மாத்திரை அது. கோயில் கோயிலாகச் சுற்றிவிட்டுத் தாமதமாக வந்தால், போனது முழுதாகத் திரும்பாது. இப்படி நேரத்தோடு சிகிச்சை தொடங்கும் வாய்ப்பு எகெலாந்துக்குக் கிடைக்கவில்லை. அவர் குழந்தைகளின் நோய்க்கான உணவு முறை 1950களில்தான் வந்தது.

பையன் வளர்ந்ததும் அடுத்த யோசனை தயாராக இருக்கும்: "கால்கட்டு போட்டா சரியாயிடும்." ஒன்றும் அறியாத இன்னொரு பெண்ணின் வாழ்க்கையை மருந்தாக அரைத்து ஊற்றும் யோசனை.

பள்ளிகளும் இதே ஊரில்தான் இருக்கின்றன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியிருக்கிறது. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பதைத் தேர்ந்தெடுக்கவும் வழி செய்திருக்கிறது. ஆனாலும் "இங்க வசதியில்லைம்மா" என்று வாசலிலேயே அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் பதிலை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். அதை எடுத்துக்கொண்டு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போக வேண்டும். மண்டபத்தில் வாய் திறக்காத அப்பாக்கள் அங்கேயாவது முன்னால் நின்று பேசட்டும்.