யந்திரத்தின் கணக்கு யாருடையது?

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயில் மீஞ்சூரைத் தாண்டி அனுப்பம்பட்டில் நிற்கிறது, பிறகு பொன்னேரி. இந்தப் பொன்னேரிக்கு 2014-ஆம் ஆண்டின் மத்திய பட்ஜெட் ‘ஸ்மார்ட் சிட்டி’ என்று பட்டம் சூட்டியது. நகரத்துக்கு அறிவு வரும்போது பட்டறைக்கும் வர வேண்டாமா? ‘நான்காம் தொழிற்புரட்சி’ என்று ஜெர்மானியர் 2011-இல் முழங்கினார்கள். அதிலிருந்து நம் சிறு தொழிற்காரர் தலையிலும் ஒரே உபதேச மழை!

உபதேசத்தை நான் பழிக்கவில்லை. பழைய லேத்துக்குப் போகும் மின்கம்பியைச் சுற்றிச் சிறு வளையம் ஒன்றை மாட்டினால் போதும். ஓடும் மின்சாரத்தை அளந்து, யந்திரம் எத்தனை மணி உழைத்தது, எத்தனை மணி சும்மா கிடந்தது என்று அது சொல்லிவிடும். நல்ல காரியந்தான்.

ஆனால், யாரிடம் சொல்லும்? வம்பு அங்கேதான் இருக்கிறது. உதிரிப் பாகம் வாங்கும் பெரிய கம்பெனியே இணைத்துத் தர முன்வந்தால், பட்டறைக்காரர் தம் அடுக்களையைத் திறந்து காட்டியவராகிறார். லேத் சும்மா கிடக்கும் நேரம் தெரிந்தவர்கள் விலையைக் குறைக்கச் சொல்ல மாட்டார்களா? சிறு தொழிலுக்குத் தர வேண்டிய பணத்தை அதிகம் போனால் 45 நாளில் தரவேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். அது போதாமல், இழுத்தடிப்பவர்களுக்கு வருமான வரியில் கடிவாளம் போட 2023-இல் ஒரு திருத்தம் வேண்டியிருந்தது! பணத்தையே இழுத்தடிக்கும் கையில் யந்திரத்தின் நாடியையும் கொடுப்பதா?

இதே வட்டாரத்துப் பழவேற்காடு ஏரி மீனவரைப் பாருங்கள். எந்தத் துறையில் யார் எப்போது வலை போடுவது என்பதற்குச் சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் ‘பாடு’ என்று பெயர். உரிமை இல்லாதவரை வெளியே நிறுத்தும் குறை அதில் உண்டு. ஆனாலும் முறையை வகுத்தவர் மீன் வியாபாரி அல்லர், வலை பிடிக்கிறவர்.

பட்டறைக்காரர்களும் சங்கமாகச் சேர்ந்து கருவி வாங்கட்டும். மானியம் தரும் அரசாங்கம் ஒரு நிபந்தனை எழுதட்டும்: யந்திரத்தின் கணக்கு யந்திரக்காரருக்கே சொந்தம்; அவர் சம்மதமின்றி வேறு எவரும் அதைப் புரட்டக் கூடாது. அவரும் அதைத் தொழிலாளியின் முதுகுக்குச் சாட்டையாக்கக் கூடாது.

யந்திரத்துக்கு அறிவு கொடுக்கக் கிளம்பிய புண்ணியவான்களே, முதலில் மனிதனுக்கு உரிமையைக் கொடுங்கள்!