சொந்த லாரியா, வாடகை லாரியா?

உணவுப் பொருள் தயாரிக்கும் கம்பெனிக்காரர்கள் சரக்கைத் தாங்களே கொண்டுவந்து இறக்குவதா, வெளியாரிடம் விட்டுவிடுவதா என்பதைத் தங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். அதன் பலன் இறங்குவதோ நம் கடை வாசலில். ஆகவே அவர்கள் கணக்கை நாமும் தெரிந்துகொள்வது நல்லது.

சொந்த லாரி என்றால் டிரைவர் சம்பளம், டயர், இன்சூரன்ஸ், எப்.சி. எல்லாம் லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் செலவுதான். தீபாவளிக்கு முன் பத்து லாரி போதாது. ஆடியில் நாலு லாரி ஷெட்டில் நிற்கும். திரும்பும்போது காலியாக வரவேண்டும். வாடகை லாரிக்காரர் வேறொருவர் சரக்கை ஏற்றிக்கொண்டு திரும்புவார். பிஸ்கட், எண்ணெய், மாவுக்கு வெளியாரே மலிவு என்று கணக்கு வருவது இதனால்தான். பால், ரொட்டி, ஐஸ்கிரீம் கதை வேறு. அங்கே வாடகை வண்டி வைத்தாலும் தங்கள் தடத்திலேயே ஓடும்படி ஒப்பந்தம் போடுவார்கள்.

வரியும் ஒரு காரணம். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வரும்வரை, மத்திய விற்பனை வரியைத் தவிர்க்க மாநிலத்துக்கொரு டிப்போ வைத்து, சரக்கை விற்பனையாக இல்லாமல் மாற்றலாக அனுப்பி 'எப்' பாரம் வாங்கினார்கள். அந்தத் தேவை போனபின் பல கம்பெனிகள் சிறு டிப்போக்களை மூடிவிட்டன.

இதையெல்லாம் நான் குறை சொல்லவில்லை. வியாபாரி கணக்குப் பார்க்காமல் வேறு யார் பார்ப்பார்? அந்தக் கணக்கில் சேதாரத்துக்கு ஒரு பத்தி இருக்கிறதா என்றுதான் கேட்கிறேன். சென்ற மழைக்காலத்தில் எனக்கு 12 பெட்டி பிஸ்கட் நனைந்து வந்தது. முன்பெல்லாம் கம்பெனி டிரைவர் பில்லின் பின்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பெட்டியைத் திரும்ப ஏற்றிக்கொள்வார். அடுத்த பில்லில் கழித்துக்கொள்வோம். இப்போது கம்பெனி லாரி ஆபீசைக் காட்டுகிறது. லாரி ஆபீஸ் 'ஏற்றும்போதே அப்படித்தான்' என்கிறது. இரண்டு மாதம் அலைந்து, கடைசியில் மாட்டுத் தீவனத்துக்குத் தள்ளினேன்.

நனைந்ததையும் குறைந்ததையும் எல்.ஆர். நகலில் எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். 2007-ம் ஆண்டு சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, சரக்கு புக் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் லாரிக் கம்பெனிக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் தராவிட்டால் நஷ்டத்துக்கு வழக்குப் போட முடியாது. ஆனால் மூன்று பெட்டிக்காக ஒரு சிறு கடைக்காரர் வக்கீலிடம் போவாரா?

ஆகவே சேதாரத்தைக் கம்பெனியே முதலில் கடைக்காரருக்கு ஈடுசெய்துவிட்டு, பிறகு லாரிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். ஒப்பந்தம் போடும்போதே இந்த ஷரத்தைச் சேர்க்கும்படி நம் சங்கம் கம்பெனிகளுக்கு எழுத வேண்டும். கடிதத்தோடு இணைக்க என் 12 பெட்டி பில் நகலைத் தருகிறேன். உங்களிடம் இருப்பதையும் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.