மலை உச்சியை யார் பார்ப்பது?



2016 மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து அடிவாரத்துக் கிராமங்களை மூடியது. உங்களில் பலரும் வீட்டையும் காணியையும் மண்ணுக்குக் கொடுத்துவிட்டு வந்தவர்களே. சரிவுக்கு முன் மேட்டில் விழும் வெடிப்பு, லயத்து வாசலில் நிற்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கஹவத்தைப் பக்கம் உயர்தரம் படித்த தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் சிறிய ட்ரோன் ஒன்றைத் தாமே செய்து வருகிறார்கள். "பணக்காரர் விளையாட்டு நமக்கு எதற்கு, பாதர்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. கடையில் வாங்கினால் அது விளையாட்டுச் சாமான்தான். செய்யக் கற்றால் தொழில் என்பது என் கருத்து.

அதன் சட்டகத்தை முப்பரிமாண அச்சு இயந்திரம் பிளாஸ்டிக் இழையை உருக்கி, படை மேல் படையாக அடுக்கிச் செய்கிறது. விழுந்து கை முறிந்தால் அந்தக் கையை மட்டும் மறுபடி அச்சிடலாம். ஆனால் கையைப் படுக்கையாக அச்சிட வேண்டும். நிறுத்தி அச்சிட்டால் படைகளுக்கிடையே பிளந்துவிடும். பாரம் கூடினால் பறக்கும் நேரம் குறையும். ஆகவே ஒவ்வொரு கிராமும் கணக்கு.

2017இல் தமிழ்நாட்டின் பள்ளப்பட்டியைச் சேர்ந்த இளைஞர் ரிஃபாத் ஷாரூக்கும் நண்பர்களும் அச்சிட்ட கூட்டினுள் செய்த 64 கிராம் "கலாம்சாட்"டை நாசாவின் ரொக்கெட் சுமந்து சென்றது. சிறிய ஊர் என்பது தடையல்ல.

இரண்டு எச்சரிக்கைகள். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளின் பின் நாடெங்கும் ட்ரோன் தடை செய்யப்பட்டதை மறவாதீர்கள். 200 கிராமுக்கு மேற்பட்டதைச் சிவில் விமான சேவைகள் அதிகார சபையில் பதிய வேண்டும். அதற்குக் குறைந்ததானாலும் விதிகளைக் கேட்டறிந்து, தோட்ட நிர்வாகத்துக்கும் அயலவருக்கும் சொல்லிவிட்டே பறக்க விடுங்கள்.

மற்றது, இந்தச் சிறு ட்ரோன் கொட்டும் மழையில் பறக்காது. மழைக்காலத்துக்கு முன்பே மேட்டைப் படமெடுத்து, வெடிப்பு கண்டால் கிராம அலுவலருக்கும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் காட்டுங்கள். 24 மணித்தியாலத்தில் 150 மில்லிமீற்றர் மழை பெய்துவிட்டால் படம் பார்க்க நேரமில்லை, பிள்ளைகளோடு வெளியேறுங்கள்.

ஒரு குடும்பத்தால் அச்சு இயந்திரம் வாங்க முடியாது. நாலைந்து தோட்டங்கள் சேர்ந்தால் முடியும். நம் தலைக்கு மேலுள்ள மலையைப் பார்க்க இன்னொருவர் வரும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? அடுத்த சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள்.