இரண்டாவது ஐந்து வருடம்

விழா மேடைச் சால்வையைப் பற்றி இனி எழுத மாட்டேன் என்று தீபாவளிப் பத்தியில் வாக்குக் கொடுத்திருந்தேன். வாசகர் ஒருவர் பாராட்டிக் கடிதமே போட்டார். தைப்பொங்கல் வரை தாங்கியது. அதற்குமேல் திருப்பதி விடவில்லை.

ஜனவரி 24 தேசியப் பெண் குழந்தை தினம் அல்லவா? அதையொட்டித் திருப்பதி மண்டபம் ஒன்றில் வளரிளம் பெண்களுக்கு இரண்டு நாள் தலைமைப் பண்புப் பயிற்சி. நகரிக்குப் பக்கத்து அரசுப் பள்ளியில் ஒன்பதாவது படிக்கிற என் அண்ணன் மகளும் போயிருந்தாள். நிறைவு விழாவுக்கு நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மேடையில் நீளமாக நாற்காலி வரிசை. அதில் ஒரே ஒரு பெண். அவருக்குக் கொடுத்திருந்தது நன்றியுரை. மாணவிகளுக்கும் வேலை இருந்தது. சிலர் வரவேற்பு நடனம். குத்துவிளக்கு ஏற்ற வருகிறவர்களுக்கு மெழுகுவர்த்தி நீட்ட இரண்டு பேர். உயரமான பெண்களாகப் பொறுக்கியெடுத்து, பட்டுப் பாவாடை கட்டவைத்து, சால்வைத் தட்டோடு மேடையோரம் நிறுத்தியிருந்தார்கள். எங்கள் வீட்டுப் பெண் உயரம்.

பேசியவர்கள் அத்தனை பேரும் ஒன்றையேதான் சொன்னார்கள். கூச்சத்தை விடுங்கள், எழுந்து நின்று பேசுங்கள், கேள்வி கேளுங்கள். நடுவரிசையில் ஒரு பெண் சொன்ன பேச்சைக் கேட்டு உடனே எழுந்து நின்றாள். கேள்வியெல்லாம் கடைசியில் என்று கையைக் காட்டி உட்காரவைத்தார்கள். கடைசியில் நேரமில்லை, குரூப் போட்டோ இருந்தது. வெளியே வந்ததும் அவளைத் தேடிப் பிடித்து என்ன கேட்க நினைத்தாள் என்று விசாரித்தேன். "சாயங்காலம் கோகோ பிராக்டிஸுக்கு நின்னா எங்க ஊருக்குப் பஸ் போயிடுது மேடம். அதுக்கு யாரைக் கேக்கணும்?" ஆர்டிசி டிப்போ மேனேஜருக்கு, தலைமையாசிரியர் கையெழுத்தோடு மனு எழுது என்றேன். தலைமைப் பண்பு பற்றி அந்த இரண்டு நாளில் யாராவது உருப்படியாகக் கேட்ட கேள்வி அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

திரும்பி வரும்போது எங்கள் பெண்ணைக் கேட்டேன்.

"என்னடி கத்துக்கிட்ட?"

"தட்டை எந்தப் பக்கமா வாங்கி எந்தப் பக்கமா நீட்டணும்னு கத்துக்கிட்டேன் அத்தை. சாப்பாடு நல்லா இருந்துச்சு."

முகாமின் மீதிக் குறைகளைப் பட்டியல் போடத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மேசையில் அந்தப் புத்தகம் கிடந்தது. எந்தப் புத்தகம் என்று இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். தலையில் அடித்துக்கொள்கிறவர்கள் அடித்துக்கொள்ளலாம். ஜேம்ஸ் கசின்ஸும் மார்கரெட் கசின்ஸும் சேர்ந்து எழுதி, 1950-இல் சென்னை கணேஷ் அன் கோ வெளியிட்ட 'வீ டூ டுகெதர்'. புருஷனும் பெண்டாட்டியும் மாறி மாறி எழுதிய தன்வரலாறு. தடிமன் கொஞ்சம் மிரட்டும். இந்தப் பக்கத்துப் பெண் பிள்ளைகளைப் பற்றிப் பேச வருகிற எவரும் அதைப் படித்துவிட்டுத்தான் மைக்கைத் தொட வேண்டும் என்று சட்டம் போடும் அதிகாரம் எனக்கு இல்லை.

அந்தப் புத்தகத்தில் எங்கள் பக்கத்து மதனப்பள்ளி வருகிறது. மதனப்பள்ளி என்றதும் எல்லாரும் சொல்வது தாகூர் கதை. 1919 பிப்ரவரியில் பெசன்ட் தியாசாபிகல் கல்லூரிக்கு வந்து தங்கினார், 'ஜன கண மன'வை அங்கேதான் ஆங்கிலமாக்கினார், மார்கரெட் அதன் இசைக்குறிப்பை எழுதிவைத்தார் என்று பள்ளி விழாக்களில் தவறாமல் வரும். நல்ல கதைதான். ஆனால் அந்த அம்மாள் இசைக்குறிப்பு எழுதுவதற்காக அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்தவர் இல்லை. ஓட்டுரிமை கேட்டு லண்டனில் பிரதமர் வீட்டு ஜன்னலில் கல்லெறிந்து ஹாலோவே சிறைக்கும், டப்ளின் கோட்டை ஜன்னலை உடைத்து டல்லமோர் சிறைக்கும் போனவர். அங்கே உண்ணாவிரதம் இருந்தவர். 1915-இல் இந்தியாவுக்கு வந்தார். அன்னி பெசன்ட்டின் 'நியூ இந்தியா' பத்திரிகையில் இருந்த கணவர், டப்ளின் ஈஸ்டர் எழுச்சியைப் பாராட்டி எழுதப்போய் அந்த வேலையை இழந்ததால் இருவரும் மதனப்பள்ளிக்கு வந்து சேர்ந்தார்கள்.

கல்லெறிந்த கை மதனப்பள்ளியில் என்ன செய்தது என்பதுதான் எனக்குப் பிடித்த அத்தியாயம். கல்லூரி ஆசிரியர்களின் மனைவிமார்களைக் கூட்டி உட்காரவைத்தது. 'அபலா அபிவர்த்தினி சமாஜம்' என்று பெயர். மேடை கிடையாது, சிறப்பு விருந்தினர் கிடையாது. கூடியவர்களே கூட்டத்தை நடத்திக்கொள்ள வேண்டும். இந்த மாதிரிச் சங்கங்களை ஊர் ஊராக இணைத்தால் என்ன என்ற பேச்சு அடையாறில் தியாசாபிகல் சங்கத்து டாரதி ஜினராஜதாசாவிடம் வலுத்தது. 1917 மே 8 அன்று இந்திய மாதர் சங்கம் பிறந்தது. அன்னி பெசன்ட் தலைவர்.

அந்த வருடமே இந்தியா மந்திரி மாண்டேகு சென்னைக்கு வருகிறார். பெண் கல்வியைப் பற்றிப் பேச நேரம் கேட்டு மார்கரெட் எழுதுகிறார். அரசியல் விஷயமாக வருகிற குழுக்களை மட்டுமே மந்திரி பார்ப்பார் என்று பதில் வருகிறது. நம் முகாம்களில் பயிற்சி பெற்றவர்களாக இருந்தால் நன்றி தெரிவித்துக் கடிதத்தை மடித்து வைத்திருப்பார்கள். அவர்கள், அப்படியானால் அரசியலே பேசுகிறோம் என்று ஓட்டுரிமையைக் கேட்டார்கள். டிசம்பர் 18 அன்று சரோஜினி நாயுடு தலைமையில் போய் மாண்டேகுவைப் பார்த்தார்கள். பள்ளிக்கூடம் கேட்கப் போன இடத்தில் வழி மறித்ததால் சட்டசபையையே கேட்டுவிட்டு வந்தார்கள். 1921-இல் பிரிட்டிஷ் மாகாணங்களில் முதலாவதாகச் சென்னை மாகாணம் பெண்களுக்கு ஓட்டைக் கொடுத்தது. சொத்து வைத்திருந்த கொஞ்சம் பேருக்குத்தான் அது பொருந்தியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1926-இல் பெண்கள் சட்டசபைக்கு நிற்கவும் வழி பிறந்தபோது, மங்களூரில் 23 வயது கமலாதேவி சட்டோபாத்யாயைத் தேர்தலில் நிற்கச் சொல்லித் தூண்டியவர் இதே மார்கரெட். கமலாதேவி மிகக் குறைந்த ஓட்டில் தோற்றார். தோற்ற பெண்ணை ஓரங்கட்டவில்லை. அடுத்த ஆண்டு புனேயில் தொடங்கிய அகில இந்திய மாதர் மாநாட்டுக்கு அவரே அமைப்புச் செயலாளர் ஆனார். முத்துலட்சுமி ரெட்டி அதே 1927-இல் சென்னைச் சட்டசபையின் துணைத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மதனப்பள்ளிக் கூட்டத்திலிருந்து அந்த நாற்காலி வரை பத்து, பதினோரு வருடம்.

அந்தப் பத்து வருடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வேறு ஒரு இடத்திலும் அது வருகிறது. மேற்கு வங்கத்துப் பீர்பூம் மாவட்டத்தில் 495 கிராமங்களில் பொருளாதார அறிஞர் எஸ்தர் டஃப்ளோ உள்ளிட்ட நால்வர் நடத்திய ஆய்வு 2012-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. பஞ்சாயத்துத் தலைவர் பதவி எந்தக் கிராமத்தில் பெண்ணுக்கு ஒதுக்கப்படும் என்பது அங்கே குலுக்கல் மாதிரி முடிவானதால் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருந்தது. மகனுக்கு ஒரு கனவு, மகளுக்கு அதைவிடச் சின்னதாக ஒரு கனவு என்று பெற்றோர் வைத்திருந்த வித்தியாசம் பெண் தலைவர்கள் இருந்த ஊர்களில் கால்வாசி குறைந்திருந்தது. பிள்ளைகளின் சொந்த ஆசைகளில் அந்த வித்தியாசம் 32 சதவீதம் குறைந்திருந்தது. படிப்பில் ஆண் பெண் இடைவெளியே மறைந்துபோனது. பெண் பிள்ளைகள் வீட்டு வேலைக்குச் செலவிட்ட நேரமும் குறைந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் தன்னம்பிக்கைப் பேச்சு பேசவில்லை. ஊரில் ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவதைப் பார்த்தபடி வளர்ந்தார்கள், அவ்வளவுதான்.

ஆனால் ஒரு நிபந்தனை. இந்த மாற்றமெல்லாம் இரண்டு தேர்தலிலும் தொடர்ந்து பதவி பெண்ணுக்கே ஒதுக்கப்பட்டிருந்த ஊர்களில்தான். ஒரே ஒரு ஐந்து வருடம் போதவில்லை. முதல் ஐந்து வருடம் ஊர் கேலி பேசித் தீர்க்க வேண்டும் போலிருக்கிறது. இரண்டாவது ஐந்து வருடத்தில்தான் ஊர் அவளைத் தலைவர் என்று பார்க்க ஆரம்பிக்கிறது. தமிழ்நாட்டில் ஒதுக்கீட்டைப் பத்து வருடத்துக்கு ஒருமுறை சுழற்றுகிற ஏற்பாட்டின் அருமை எனக்கு இதைப் படித்தபோதுதான் உறைத்தது.

இனி நம் திட்டங்களைப் பாருங்கள். மத்திய அரசு 2010-இல் 'சப்லா' கொண்டுவந்தது. 200 மாவட்டங்களில் 11 முதல் 18 வயதுப் பெண்கள் அங்கன்வாடியில் குழுவாகக் கூடுவார்கள். தங்களுக்குள் ஒருத்தியை 'சகி' என்றும் இருவரை 'சஹேலி' என்றும் தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள். நல்ல யோசனை. மதனப்பள்ளிச் சமாஜத்தின் பேத்தி என்று கூடச் சொல்வேன். 2018-க்குள் அது போய், பள்ளியை விட்ட 11 முதல் 14 வயதுப் பெண்களுக்கு மட்டும் என்றானது. 2021-க்குப் பிறகு அதுவும் மாறி 14 முதல் 18 வயது. வடகிழக்கு மாநிலங்களிலும் முன்னேற விழையும் மாவட்டங்களிலும் மட்டும். ஆந்திராவில் அந்தப் பட்டியலில் முதலில் இடம்பெற்றவை விசாகப்பட்டினம், விஜயநகரம், கடப்பா; எங்கள் சித்தூர் இல்லை. ஒரு பெண் பிறந்து பத்தாவது எழுதுவதற்குள் இத்தனை முறை வரம்பு மாறினால் எந்தச் சகி எந்தச் சஹேலியைப் பார்த்து என்ன கற்றுக்கொள்வாள்?

நீண்ட காலம் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு எங்கள் பக்கத்து எர்ராவாரிபாளெம் மண்டலத்துப் பெண்ணைக் காட்டுகிறேன். ரஜனி எதிமர்பு. இந்தியப் பெண்கள் ஹாக்கி அணிக்குக் கோல்கீப்பராக ஆடியவர். ஆனால் சவிதா புனியா முதல் கோல்கீப்பராக இருந்த காலத்தில் இன்னொரு கோல்கீப்பராக இருப்பது எப்படி என்று யோசியுங்கள். மற்ற இடங்களில் ஆள் மாற்றுவார்கள், வியர்த்தால் உட்காரவைப்பார்கள். கோல்கீப்பரை லேசில் மாற்ற மாட்டார்கள். தினமும் அதே கனமான காப்புகளைக் கட்டிக்கொண்டு பயிற்சி செய்துவிட்டு, ஆட்டத்தன்று பெஞ்சில் உட்கார வேண்டும். வருடக்கணக்கில் உட்கார்ந்தார். 2024 ஜனவரியில் மஸ்கட்டில் முதல் ஹாக்கி ஐவர் உலகக் கோப்பை நடந்தது. இந்தியப் பெண்கள் அணி இறுதி ஆட்டம் வரை போய் நெதர்லாந்திடம் தோற்று இரண்டாமிடம் பிடித்தது. அணித் தலைவர் ரஜனி. அப்போது அவருக்கு வயது 33.

ஆகவே முகாம் நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை. மண்டலத்துக்கு ஒரு பெண் பயிற்சியாளரைப் போடுங்கள். கோகோவோ ஹாக்கியோ கணக்குப் பாடமோ, எதுவானாலும் சரி. பத்து வருடம் மாற்றல் வேண்டாம். சாயங்கால பஸ்ஸுக்கான மனுவைப் பெண்களே எழுதட்டும், அவர்களே டிப்போவுக்குப் போகட்டும், முடியாது என்ற பதிலையும் அவர்களே வாங்கி வரட்டும். அப்புறம் எங்கே போக வேண்டும் என்பது மாண்டேகு கதையில் இருக்கிறது.

வாசகர்களிடமும் ஒன்று. 2021 பிப்ரவரியில் தேர்வான நம் பஞ்சாயத்துத் தலைவர்களின், அதாவது சர்பஞ்சுகளின், ஐந்து வருடக் கணக்கு 2026-ஓடு முடிகிறது. ஆந்திராவில் ஊராட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு. அதில் எத்தனை பேருடைய கையெழுத்தை அவர்கள் வீட்டுக்காரர்கள் போட்டார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் தன் கையெழுத்தைத் தானே போட்டவர்களும் நம் ஊர்களில் இருந்தார்கள். அப்படி ஒருவர் உங்கள் ஊரில் இருந்து, பதவி இந்த முறை பொதுவாக மாறியிருந்தாலும் போட்டியிடத் துணிந்தால் எனக்கு எழுதுங்கள். ஓட்டுக் கேட்க நானே வருகிறேன், பஸ் இருந்தால்.