ரஸ்துக்களண்டையில் இருந்தவர்



2020-ஆம் ஆண்டு நான் செய்த ஒரு பிரசங்கத்தைப் பற்றி இந்த வாரம் எழுத வேண்டியிருக்கிறது. அது நன்றாக இருந்ததென்று பலர் சொன்னார்கள். அது தவறானது என்பதே இப்போது என் எண்ணம்.

புளோரிடாவில் சில ஆண்டுகள் தங்கியிருந்தபோது பேஸ்பால் என்னைத் தொற்றிக்கொண்டது. ஊர் திரும்பிய பின்னும் விடவில்லை. நட்சத்திர வீரர்கள்மேல் எனக்கு அவ்வளவாக ஈர்ப்பில்லை. செமினோல் என்னும் ஊரில் பிறந்து வளர்ந்த பிரெட் பிலிப்ஸ் என்ற இளைஞரையே நான் பின்தொடர்ந்தேன். 2017-இல் மில்வாக்கி பிரூவர்ஸ் அணிக்காக முதன்முதல் களமிறங்கியவர். கால்வேகம் உண்டு, எறியும் கை மிக வலியது, பந்தை அடிப்பதுதான் கைகூடவில்லை. ஆகவே பெரும்பாலான நாட்களில் அவருடைய இடம் பெஞ்ச். மூச்சுத் திணறச் சிரிக்கும் அவருடைய சிரிப்புக்கு இருந்த புகழ் அவருடைய ஆட்டத்துக்கு இல்லை.

பெஞ்சில் இருப்பவரின் ரசிகனாக இருப்பதில் ஒரு பாவம் ஒளிந்திருக்கிறது. அதை அறிக்கையிட்டுவிடுகிறேன். நம் ஆள் உள்ளே போகவேண்டுமானால் வேறொருவர் வெளியே வரவேண்டும். நிரந்தர ஆட்டக்காரர் ஒருவர் தொடையைப் பிடித்துக்கொண்டு நொண்டும்போது என் உள்ளம் ஒரு கணம் துள்ளும், மறுகணம் வெட்கப்படும். கிரிக்கெட்டில் பழகிய நமக்கு இது சற்றுப் புதிது. அங்கே களத்தடுப்புக்கு வரும் பன்னிரண்டாம் ஆட்டக்காரர் பந்து வீசுவதில்லை, மட்டை பிடிப்பதில்லை. பேஸ்பாலில் மாற்றாக வருகிறவர் முழு ஆட்டக்காரராகவே வருகிறார். அவருக்கு இடம்விட்டு வெளியேறியவர் அன்றைய ஆட்டத்துக்குள் திரும்பவே முடியாது. ஒருவருக்குத் திறக்கும் கதவு இன்னொருவருக்கு அடைபடுகிறது. சபைக்குள்ளும் இந்தத் துள்ளலை நான் கண்டிருக்கிறேன். பாடகர் குழுவில், சபைக் கமிட்டியில், ஏன், போதகர்களின் இடமாற்றப் பட்டியல் வெளியாகும் நாட்களில் எனக்குள்ளேயே.

கதைக்கு வருகிறேன். 2020 ஆகஸ்ட் மாத இறுதியில் டாம்பா பே ரேஸ் அணி பிலிப்ஸை வாங்கியது. அது அவருடைய சொந்த ஊரை அடுத்த அணி. அவ்வாண்டு அவருடைய அடிச் சராசரி .200-ஐக்கூட எட்டவில்லை. இறுதித் தொடருக்கு முந்திய சுற்றில் ஆட்டக்காரர் பட்டியலிலேயே அவர் பெயர் இல்லை. அவரோ ஊருக்குப் போகவில்லை. கையில் ஓர் எழுதுபலகையைப் பிடித்துக்கொண்டு, பயிற்சியாளரைப் போல அமர்ந்து, தோழர்களைச் சிரிக்க வைத்தபடி உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தார்.

வேர்ல்டு சீரிஸ் என்னும் இறுதித் தொடருக்கு அவரை மீண்டும் பட்டியலில் சேர்த்தார்கள். நான்காம் ஆட்டம் டெக்சஸ் மாநிலத்து ஆர்லிங்டனில் அக்டோபர் 24 இரவு நடந்தது. எட்டாம் இன்னிங்ஸில் வேறொருவருக்காக ஓடுவதற்கு மட்டுமே அவரை இறக்கினார்கள். ஒன்பதாம் இன்னிங்ஸில் மட்டை பிடிக்கும் முறையும் அவரையே தேடி வந்தது. ரேஸ் 6, டாட்ஜர்ஸ் 7. இரண்டு பேர் அவுட். பந்தெறிபவர் கென்லி ஜான்சன். செப்டம்பர் 25-க்குப் பிறகு பிலிப்ஸ் ஒரு வெற்றி அடிகூட அடித்திருக்கவில்லை. இரண்டு ஸ்டிரைக்குகள் விழுந்த நிலையில் பந்தை வலப்புற நடுவெளிக்கு அடித்தார். கெவின் கியர்மையர் ஓடிவந்து சமன் செய்தார். டாட்ஜர்ஸ் வீரர் பந்தைக் கை நழுவவிட்டார். பின்னால் ஓடிவந்த ராண்டி அரோசரெனா பாதி வழியில் கால் தடுக்கிக் குப்புற விழுந்தார். அவ்வளவுதான் என்று எண்ணிய வேளையில் டாட்ஜர்ஸின் காட்சரும் பந்தைத் தவறவிட, விழுந்தவர் எழுந்து ஓடி, பாய்ந்து தொட்டார். 8–7. பிலிப்ஸ் இரு கைகளையும் விமானம்போல் விரித்துக்கொண்டு மைதானமெங்கும் ஓடினார்.

நம் நாட்டில் அப்போது ஞாயிறு காலை, ஆராதனை வேளை. பிற்பகலில்தான் அந்தக் காட்சியைப் பார்த்தேன், கண் கலங்கினேன். அடுத்த ஞாயிறு அதையே பிரசங்கித்தேன். காத்திருங்கள், உங்கள் வேளையும் வரும், கர்த்தர் உங்களை மறக்கவில்லை என்றேன். அதற்குள் ரேஸ் அணி ஆறாம் ஆட்டத்தில் தோற்றுத் தொடரையே இழந்திருந்தது. அதை நான் சொல்லவில்லை. கதைக்கு இடைஞ்சலாக இருந்தது.

ஆராதனை முடிந்ததும் ஓர் இளைஞர் வந்தார். எங்கள் ஆலயத்தில் மாற்று ஆர்கன் வாசிப்பவர். ஒவ்வொரு வாரமும் எல்லாக் கீர்த்தனைகளையும் ஞானப்பாட்டுகளையும் பழகிக்கொண்டு ஆயத்தமாக வருவார். எங்கள் மூத்த ஆர்கனிஸ்ட் ஒரு ஞாயிறும் தவறுவதில்லை. தயங்கித் தயங்கிக் கேட்டார்: “ஐயா, அந்த வேளை வரும்வரைக்கும் நான் செய்கிறது ஊழியம் இல்லையா?”

“அப்படியில்லை, தம்பி” என்றேன். அதற்குமேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

வேதத்தில் எனக்கு அன்று நினைவு வராதவர் ஒருவர் உண்டு. யூதாஸின் இடத்துக்கு இருவரை நிறுத்தினார்கள் (அப்போஸ்தலர் 1:23). யோவானின் ஸ்நான நாள் தொடங்கி ஆண்டவரோடு சஞ்சரித்தவர்கள் இருவருமே. சீட்டு மத்தியாவின் பேருக்கு விழுந்தது. யுஸ்து என்னப்பட்ட யோசேப்போ அதற்குப்பின் வேதாகமத்தில் காணப்படுவதில்லை. அவருக்கு ஒன்பதாம் இன்னிங்ஸ் வந்ததாக எழுதியிருக்கவில்லை. சீட்டு விழுந்த அந்த மாலையில் அவர் வீட்டுக்குப் போனாரா, மேல்வீட்டிலேயே மற்றவர்களோடு ஜெபத்தில் தரித்திருந்தாரா? தரித்திருந்தார் என்று நம்பவே விரும்புகிறேன்.

தாவீதையும் நான் மறந்திருந்தேன். அறுநூறு பேரில் இருநூறு பேர் களைத்துப் பேசோர் ஆற்றண்டை நின்றுவிட்டார்கள். யுத்தத்திலிருந்து திரும்பியவர்களில் சிலர் அவர்களுக்குப் பங்கு கொடுக்க மறுத்தபோது, ரஸ்துக்களண்டையில் இருந்தவனுக்கும் சரிபங்கு என்று தாவீது கட்டளையிட்டான் (1 சாமுவேல் 30:24). இனி ஒருநாள் யுத்தத்துக்குப் போவார்கள் என்பதற்காக அவன் அதைக் கொடுக்கவில்லை. ஆற்றண்டை நின்றவர்களுக்கு, நின்றபடியே கொடுத்தான்.

2022-இல் ரேஸ் அணி பிலிப்ஸை விடுவித்தது. பால்டிமோர் போனார், பிறகு ஏஞ்சல்ஸ். அதன்பின் யாங்கீஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்து, பந்தெறிபவராக மாறவும் முயன்று பார்த்தார். மொத்த வாழ்க்கையிலும் அவருடைய சராசரி .200-க்குக் கீழேதான். அந்த ஓர் அடியை இன்றும் நான் பார்ப்பதுண்டு. ஆனால் இப்போதெல்லாம் நான் தேடிப் பார்ப்பது, பட்டியலில் பெயரில்லாமல் எழுதுபலகையோடு அமர்ந்திருந்த பிலிப்ஸை.

எங்கள் ஆலயத்தில் சனிக்கிழமை மாலைதோறும் அந்தத் தம்பி வாசித்துப் பழகுகிறார். முன்பெல்லாம் அந்நேரம் போதகர் அறையின் கதவைச் சாத்திக்கொண்டு பிரசங்கம் ஆயத்தம் செய்வேன். இப்போது கதவைத் திறந்துவைத்திருக்கிறேன். நேற்று நடுவில் ஒரு சரணத்தைத் தவறவிட்டு, முதலிலிருந்து மறுபடி தொடங்கினார். மூத்த ஆர்கனிஸ்ட் நல்ல சுகத்தோடு இருக்கிறார்; இன்று காலை ஆராதனைக்கும் பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார்.